வலது மணிக்கட்டு, இரண்டு கோணம்

நிலையில் தலை இடிபடாமல் குனிந்து வந்தாள்.
நாவலடியில் வீடு கட்டித் தருகிற வெளிநாட்டு ஆள்.
கல்லடிப் பாலத்து இரும்பில்
மழைக்குச் சறுக்கி ஸ்கூட்டியோடு விழுந்தாளாம்.
துண்டில் இருந்தது:
வலது மணிக்கட்டு, இரண்டு கோணம்.
பதிவுப் புத்தகத்தில் பெயர் இல்திகோ, வயது ஐம்பத்தொன்பது,
தொழில் என்ற கட்டத்தில்
தம்பிப்போடி எழுதியிருந்தார்: வெள்ளைக்காரி.

கையை வை என்றேன். வைத்தாள்.
கசெற்றுக்கு வெளியே நின்றது நடுவிரல்.
பெரியது எடுக்கப் போனேன்.
பெட்டியில் பிலிம் ஒன்பது,
மாதம் முடியப் பதினொரு நாள்.
கைப்படத்துக்கு மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை,
ஆனாலும் பிடித்தாள்.

இருட்டறையில்
கறுக்கக் கறுக்க எலும்பு எழும்பியது.
புது முறிவு ஒரு மயிர்க்கோடு, அது சுலபம்.
மற்றதெல்லாம் பழசு.
கோணலாய்ப் பொருந்திய சின்னவிரல்,
பெருவிரல் அடியில்
மூங்கிலில் போல ஒரு கணு.
அடிவாங்கிய மனுசி என்று நினைத்தேன்.
இந்த ஊரில் அப்படிக் கைகள் எத்தனையோ பார்த்தாயிற்று,
யார் அடித்தது என்று கேட்பதில்லை நாங்கள்.

ஈரம் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.
சிரித்தாள்.
"இது சோபியா, அறுபத்தொன்பது, இரண்டாம் பாதி.
இது பனிக்காலம், மண்டபத்தில் கணப்பு இல்லை,
பந்து கல்லாய் இருந்தது."
மொழிபெயர்த்த காத்தான்குடி ஜெஸீலாவுக்குக்
கூடைப்பந்து தெரியாது.
எனக்குத் தெரியும். பள்ளிக்கூட அணியில் நான் பத்தாம் இலக்கம்,
வாங்கை விட்டு எழும்பாத பத்தாம் இலக்கம்.

டானூப் கரையில் ஒரு சீனி ஆலை. ஆலைக்கு ஓர் அணி.
அந்த நாளில் பெண்கள்
சுளகை நீட்டுகிற மாதிரி
நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவார்களாம்.
இவள் துள்ளி, உச்சியில் ஒருகணம் நின்று,
ஒற்றைக் கையால் விட்டாள்.
ஆம்பிளை எறி என்றார் பயிற்சிக்காரர்.
மூன்று ஆட்டம் வாங்கில் இருத்தினார்.
நாலாவதுக்கு ஆள் போதவில்லை.
முப்பத்தொரு புள்ளி.
மறுகா, கடவுச்சீட்டோடு
வெளிநாட்டு அணிக்கு ஆடப்போன
அவள் நாட்டின் முதல் பெண்.
இத்தாலியில் ஒரு மலையூர்.
சம்பளத்தில் பாதி அரசாங்கத்துக்கு.
மிச்சத்தில் வாங்கிய குளிர்ப்பெட்டியை
எல்லையில் பறித்துக்கொண்டார்கள்.
அதைத்தான் இன்னும் கோபமாய்ச் சொன்னாள்.
முப்பத்துநாலில் முழங்கால் நின்றது.

"இதையும் எடு," முழங்காலைத் தட்டினாள்.
"ஒருதரும் எனக்குக் காட்டினதில்லை."
துண்டில் மணிக்கட்டு மட்டும்தான், என்றேன்.
பிலிம் ஏழுதான் இருக்கிறது, என்றேன்.
இரண்டும் உண்மை.
சொல்லி முடிந்த பிறகுதான் காதில் விழுந்தது,
அது வாங்கில் இருத்துகிறவரின் குரல்.

பின்னேரம் வாவிக்கரைத் திடலில் கண்டேன்.
வலக்கை மாவுக்கட்டில், கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தது.
வளையத்தில் வலை எப்போதோ போய்விட்டது,
பெடியன்கள் இறால்வலைத் துண்டொன்றைக் கட்டியிருந்தார்கள்.
இடக்கையை நீட்டிப் பந்து கேட்டாள்.

துள்ளவில்லை.
குதி மட்டும் நிலத்தை விட்டது.
முதலாவது வளையத்தில் பட்டது.
இரண்டாவது பலகையில்.
மூன்றாவது எதிலும் படாமல்
மதிலுக்கு மேலால் வாவிக்குள்.

"இன்னொருக்கா, அக்கா!" என்று கத்திக்கொண்டே
ரெஜிகரன் சேட்டைக் கழற்றி எறிந்து குதித்தான்.
காற்று பந்தைக் கல்லடிப் பக்கம் தள்ளியது.
அவன் நீந்த நீந்த அது போனது.
கோட்டில் அவள் அசையவில்லை,
இடக்கை இன்னும் மேலே,
மணிக்கட்டு மடிந்தபடி,
மூச்சு
அப்போதும் உள்ளே.